எதிர்ப்பக்கமாக மடித்த இலை

அவள் எழுத ஆரம்பித்துவிட்டாள். குஞ்சிதபாதத்துக்கு முதலில் பொறுக்காமல் போனது அதுதான். கொஞ்சம் யோசித்து, கூரையைப் பார்த்து, பேனா மூடியைக் கடித்துவிட்டு எழுதியிருந்தால்கூட மனசு ஆறியிருக்கும். வகுப்பெடுக்கிற அந்தப் பெண் யாழினி "எழுதலாம்" என்று சொல்லி வாய் மூடவில்லை, தையல்நாயகி குனிந்துவிட்டாள், கழுத்தில் தாலி ஏறிய நாளிலிருந்து இந்த ஒரு சொல்லுக்காகவே காத்துக் கிடந்தவள் மாதிரி. இடது கையை வளைத்துத் தாளை வேறு மறைத்துக்கொண்டாள். யாரிடமிருந்து மறைக்கிறாள்? அந்தப் பக்கம் சுவர். இந்தப் பக்கம் இருப்பது கட்டிய புருஷன் ஒருவன்தான். பரீட்சையில் பக்கத்துப் பிள்ளை பார்த்து எழுதிவிடுமோ என்று பயப்படுகிற கெட்டிக்காரப் பெண்போல உட்கார்ந்திருக்கிறாள், அறுபது தாண்டிய வயதில். பெரிய கெட்டிக்காரிதான். இந்த வீட்டில் மளிகைச் சீட்டு எழுதுவதுகூட அவர்தான். அவள் கையெழுத்து சாய்வாக இருக்குமா, உருண்டையாக இருக்குமா என்று யாராவது கேட்டால் அவரால் சட்டென்று சொல்ல முடியாது. இப்போது அந்தத் தெரியாத கையெழுத்து அவர் விலாவுக்குப் பக்கத்தில் கரகரவென்று ஓடிக்கொண்டிருக்கிறது. அடுக்ககத்தின் பொதுக்கூடத்தில், மேஜைப்பந்து ஆடுகிற பச்சை மேஜையை ஓரமாகத் தள்ளிவிட்டு, பிளாஸ்டிக் நாற்காலிகளை வட்டமாகப் போட்டிருந்தார்கள். மேலே மின்விசிறி ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு தடவை டக்கென்றது. எண்ணெய் விடச் சொல்லி சங்கத்துக்கு எழுதிக் கொடுத்திருக்கிறார். செய்யமாட்டார்கள். வகுப்பு நடத்தச் சொன்னால் மட்டும் நடத்துவார்கள்.

என்ன வகுப்பு! அன்றாட நினைவுகளிலிருந்து வாழ்க்கைக் கதை எழுதுவதாம். திருச்சி வெயிலில் மண்டை காய்ந்தவர்கள் சனிக்கிழமை சாயங்காலம் கூடி, அவனவன் வீட்டு அடுப்பங்கரையை ஊருக்குத் திறந்து காட்ட ஒரு ஏற்பாடு. போன வாரம் எதிர்வீட்டு இருதயராஜ், கல்லூரியில் தாவரவியல் நடத்தி ரிட்டையர் ஆனவர், தன் அப்பா சவரம் செய்துகொள்கிற பிளேடைக் கண்ணாடி டம்ளருக்குள் தீட்டுவார் என்று நாலு பக்கம் படித்து முடித்துவிட்டு அழுதார். பிளேடைத் தீட்டினதற்கு ஒரு அழுகை. எல்லோரும் கைதட்டினார்கள். தையல்நாயகி மூக்கை உறிஞ்சினாள். குஞ்சிதபாதத்தின் அப்பாவும்தான் பிளேடைத் தீட்டினார், ஊரில் எவன் தீட்டவில்லை, அதற்கெல்லாம் அழுதுகொண்டிருந்தால் பொழைப்பு நடக்குமா. அவர் இங்கே வருவதற்குக் காரணமே வேறு. முதல் வாரம் அவள் தனியாகப் போய்விட்டு வந்தாள், முகம் ஒரு தினுசாக இருந்தது, குளித்துவிட்டு வந்தவள் முகம்போல. இரண்டாவது வாரம் அவரும் கிளம்பிவிட்டார். அன்றைக்கு லிப்டில் இறங்கும்போது அவள் கேட்டாள், ஞாபகத்தில் இருக்கிறதை எல்லாம் எழுதலாமா என்று. "எழுதேன், உனக்கு எழுத என்ன இருக்கு" என்று அவர் சொன்னார். சாதாரணமாகத்தான் சொன்னார். சொன்ன பிறகு ஒரு வாரமாக அந்தக் கேள்வி தொண்டையில் மாட்டிய மீன்முள்ளாக நிற்கிறது. எல்லாத்தையும் என்றாளே. எல்லாம் என்றால் என்ன? இன்றைக்கு யாழினி சொன்னது அதைவிடக் கொடுமை. "இதுவரைக்கும் யார்கிட்டயும் சொல்லாத ஒரு சின்ன விஷயம் எழுதுங்க. பெருசா எதுவும் வேண்டாம். தினப்படி நடந்தது போதும்." படித்துக் காட்டுவதோடு விடுவார்களா, அடுக்ககத்தின் வாட்ஸப் குழுவில் போடுவார்கள், அதில் எல்லா வீடும் இருக்கிறது, செயலாளர் இருக்கிறான், மருமகள்கூட இருக்கிறாள். இருபத்தெட்டு வயசு யாழினிக்கு என்ன தெரியும், சின்ன விஷயம்தான் பெரிய விஷயம் என்று. கணக்குத் தணிக்கைத் துறையில் காலம் தள்ளியவருக்குத் தெரியும். பெரிய தப்பைச் செய்தவன் பந்தோபஸ்தாகச் செய்திருப்பான். மாட்டுகிறவன் சின்னதில்தான் மாட்டுவான்.

தண்ணீர் பாட்டிலை எடுக்கிற சாக்கில் சாய்ந்து எட்டிப் பார்த்தார். அவள் முழங்கைக்கும் தாளின் ஓரத்துக்கும் நடுவில் ஒரே ஒரு சொல் கண்ணில் பட்டது. முழங்காலில். அவ்வளவுதான், கை நகர்ந்து மூடிக்கொண்டது. குஞ்சிதபாதம் தண்ணீரைக் குடிக்காமலேயே பாட்டிலை மூடினார். எந்த முழங்கால் என்று அவருக்குத் தெரியும். தஞ்சாவூரில் மானம்புச்சாவடிப் பக்கம் வாடகைக்கு இருந்தபோது, பையன் பள்ளிக்கூடம் போக ஆரம்பித்த வருஷம், அவளுக்கு இரண்டு முழங்காலிலும் தோல் பெயர்ந்து ரத்தம் கட்டியிருந்தது. குழாயடியில் வழுக்கிவிட்டது என்றாள். பார்த்து நடக்கத் தெரியாதா, கண் எங்கே இருக்கிறது என்று இரண்டு வார்த்தை கேட்டார், கேட்காமல் இருப்பானா ஒருத்தன். ஆறி ஒரு வாரம் ஆகவில்லை, மறுபடியும் அதே இடம், கூடவே முழங்கை. அந்தச் சமயம் பார்த்துச் சீர்காழியிலிருந்து மாமியார் வந்து சேர்ந்தாள். மகளின் முழங்காலைப் பார்த்தாள், மாப்பிள்ளையைப் பார்த்தாள், ஒன்றும் கேட்கவில்லை. அவர் ஒருநாளும் கை நீட்டியவர் இல்லை. இதை அவர் எந்தச் சந்நிதியிலும் நின்று சொல்வார். நண்பர்கள் வீட்டில் என்னென்னவோ நடந்தது, அவர் வீட்டில் நடக்கவில்லை, ஒரு தடவைகூட. ஆனால் அடுக்களையில் அந்தக் கிழவி மகளிடம் தாழ்ந்த குரலில் சொன்னதை அவர் கூடத்தில் உட்கார்ந்து காது கொடுத்துக் கேட்டார். "அன்னைக்கு எலயை எதிர்ப்பக்கமா மடிச்ச கைதானே." தையல்நாயகி அதற்கு ஆமாம் என்று சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. பாத்திரம் தேய்க்கிற சத்தம் மட்டும் கேட்டது. ஆக, முழங்காலில் ஆரம்பித்தால் அது இலையில் போய்த்தான் முடியும். அவள் இலைக்குத்தான் போய்க்கொண்டிருக்கிறாள்.

இலை. கல்யாணத்தன்று சீர்காழிச் சத்திரத்தில், தாலி கட்டி முடித்த பந்தியில் போட்ட இலை. நல்ல தலைவாழை இலை, ஓரத்தில் ஒரு கிழிசல்கூட இல்லாமல். அவருடைய சித்தப்பா, அப்பா போன பிறகு குடும்பத்தைத் தாங்கிய மனுஷன், முதல் பந்தியில் அவரை யாரும் கூப்பிட்டு உட்கார வைக்கவில்லை. தூணுக்குப் பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு நின்றார் சித்தப்பா. பெண் வீட்டுத் தூரத்துச் சொந்தமெல்லாம் சப்பணம் போட்டுச் சாப்பிட்டுக்கொண்டிருக்க, அவர் நின்றார். அதைப் பார்த்ததும் குஞ்சிதபாதத்துக்குச் சோறு இறங்கவில்லை. மாமனார் பாயச வாளியோடு குனிந்து, போதுமா மாப்பிள்ளை, இன்னும் கொஞ்சம் என்றார். அப்போதுதான் இலையை மடித்தார். தன் பக்கமாக மடிக்க வேண்டியதை எதிர்ப்பக்கமாகத் தள்ளி மடித்துவிட்டு எழுந்தார். பக்கத்து இலைக்காரன் மெல்லுவதை நிறுத்தினான். சாவு வீட்டுப் பந்தியில்தான் அப்படி மடிப்பார்கள், இனிமேல் இந்த வீட்டில் இப்படியொரு சாப்பாடு வேண்டாம் என்பதற்காக. சின்னப் பிள்ளைக்குத் தெரியும். அவருக்குத் தெரியாது. ஆமாம், தெரியாது, அவருக்கு யார் சொல்லித் தந்தார்கள், அப்பா இல்லாத பிள்ளை. இல்லை, தெரியும், ஆனால் வேண்டுமென்று செய்யவில்லை, மின்விசிறி, சத்திரத்தில் மேலே பெரிய விசிறி சுற்றியது, அந்தக் காற்றில் இலை தானாகப் புரண்டது, அவர் கை வைத்தது அதைப் பிடிப்பதற்கு. சத்திரத்தில் அப்போது விசிறி இருந்ததா? ஓலை விசிறியால் யாரோ வீசிக்கொண்டிருந்தார்கள், ஒரு மாமி, அவள் வீசுவதை நிறுத்தினதுகூட ஞாபகம் இருக்கிறது. சரி, கோபம். கோபத்தில் கை எந்தப் பக்கம் போகிறது என்று எவன் கணக்குப் பார்ப்பான். பக்கத்தில் மணைக்கட்டையில் உட்கார்ந்திருந்த புதுப்பெண்ணுக்கு என்ன தெரிந்திருக்கும், தலை குனிந்திருந்தாள். அவள் இலையில் அதுவரை கை வைத்ததாகவே தெரியவில்லை. அந்த ஐப்பசியில் மாமனார் போய்ச் சேர்ந்தார். ரத்த அழுத்தம், டாக்டர் சொன்னார், டாக்டரே சொன்னார். பதினாறாம் நாள் பந்தியில் எல்லோரும் இலையை எதிர்ப்பக்கமாக மடித்துக்கொண்டு எழ, குஞ்சிதபாதம் மட்டும் பயந்து பயந்து ஓரம் பிடித்துத் தன் பக்கமாக மடித்தார். மைத்துனன் கைகழுவப் போனவன் நின்று அதைப் பார்த்தான். அன்றைக்கு மடிக்க வேண்டியதை இன்றைக்கு மடித்திருக்கிறான் இவன் என்றது அந்தப் பார்வை. எந்தப் பக்கம் மடித்தாலும் குற்றம் என்றால் மனுஷன் எப்படித்தான் சாப்பிடுவது.

அவள் இரண்டாவது பக்கத்துக்குப் போய்விட்டாள். இரண்டாவது பக்கம்! இருதயராஜ்கூட இன்னும் முதல் பக்கத்தில்தான் மேய்ந்துகொண்டிருக்கிறார். அந்த ஒரு இலையை விட்டால் அவள் எழுத என்ன இருக்கிறது என்று குஞ்சிதபாதம் தனக்குள்ளே துழாவிப் பார்த்தார், நியாயமாகத்தான் பார்த்தார், மற்றவர் கோப்புகளை எப்படிப் புரட்டுவாரோ அப்படி. அவள் தங்கை கல்யாணத்துக்கு அனுப்பவில்லை, உண்மை, ஆனால் பையனுக்கு அரைப் பரீட்சை, அதுவும் அந்த மைத்துனன் முகத்தில் யார் முழிப்பது. சமையல் செய்யும்போது ரேடியோ கூடாது என்றார், கவனம் சிதறி உப்பு கூடிவிடும் என்பதற்காக. சாப்பிடும்போது தண்ணீர் வேண்டுமென்றால் டம்ளரின் விளிம்பில் விரலால் இரண்டு தட்டு தட்டுவார், சோறு வேண்டுமென்றால் தட்டில் ஒரு தட்டு. வாயில் சோற்றோடு பேசக் கூடாது என்பது நல்ல பழக்கம்தானே. வெளியறையிலிருந்து கூப்பிட வேண்டுமென்றால் நாற்காலிக் கையில் தட்டுவார், அவள் வந்துவிடுவாள், கூப்பாடு போடாத வீடு என்று அக்கம்பக்கத்தில் பேர். பெயர் சொல்லி அவர் கூப்பிட்டதில்லை, அதற்கு அவசியம் வந்ததில்லை. இங்கே அந்த யாழினி "தையல்நாயகி அம்மா" என்று கூப்பிடும்போது யாரையோ சொல்கிறாள் என்று ஒவ்வொரு தடவையும் இவர்தான் திரும்பிப் பார்க்கிறார். ஒருநாள் காபியில் சர்க்கரை போடவில்லை, டம்ளரைத் தள்ளினார், அது உருண்டு போய் அவள் காலில் பட்டது, தள்ளினாரே தவிர எறியவில்லை. இதெல்லாம் ஒரு விஷயமா. எந்த வீட்டில் இல்லை. எதுவும் தேறவில்லை, நல்லபடியாக வைத்திருந்தோம் என்று அவருக்குத் திருப்தியாகக்கூட இருந்தது. இலை ஒன்றுதான் இடிக்கிறது.

தணிக்கையில் ஒரு வழக்கம் உண்டு. கணக்கில் தப்பு என்று தடை எழுதினால் பதில் வர வேண்டும். பதில் வராத தடை அப்படியே நிலைத்துவிடும். அதற்கப்புறம் தலைகீழாக நின்றாலும் பிரயோஜனமில்லை. கெட்டிக்கார அலுவலகம் தடை வருவதற்கு முன்பே பதிலைத் தயார் செய்து வைத்திருக்கும். அப்படிப்பட்டவர்களைக் கண்டால் அவருக்கு எரிச்சலாக வரும், கொஞ்சம் மரியாதையும் வரும். குஞ்சிதபாதம் பேனாவைத் திறந்தார். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். தலைப்பு எழுதவில்லை, நேராக விஷயத்துக்கு வந்தார். ஒன்று, சம்பவ தினத்தன்று மேற்படி இலையானது வேண்டுமென்றே எதிர்ப்பக்கமாக மடிக்கப்பட்டது என்று சொல்லப்படுவது சரியல்ல. இரண்டு, அன்றைய தினம் பெரியவர் ஒருவர் பந்தியில் அமர்த்தப்படாதது கவனிக்கத்தக்கது. மூன்று, மாமனார் அவர்களின் மறைவுக்கும் மேற்படி இலைக்கும் தொடர்பு இருப்பதாக எந்த மருத்துவரும் கூறவில்லை. எழுத எழுத வேகம் வந்தது. இத்தனை வருஷம் மனசுக்குள்ளே யார் யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்த பதில், மாமியாரிடம், மைத்துனனிடம், குளியலறைக் கண்ணாடியிடம், எல்லாம் வரிசைகட்டி வந்தது. நாலாவதாக, மேற்படி சம்பவத்தை எண்ணி அடியேன் ஒவ்வொரு பந்தியிலும் இலையை மடிக்கும்போது கை நடுங்குகிறவன் என்பதையும், என்று எழுதிவிட்டு நிறுத்தினார். இது எப்படி வந்தது. இது பதில் இல்லையே. அந்த வரியை அடித்துவிடலாமா என்று யோசிப்பதற்குள் யாழினி கைதட்டி, போதும், யார் முதலில் படிக்கிறீர்கள் என்றாள்.

தையல்நாயகி எழுந்துவிட்டாள். மற்றவர்கள் எல்லாம் உட்கார்ந்துதான் படித்தார்கள், இவள் பள்ளிக்கூடத்தில் நிற்கிற மாதிரி நின்றாள். குஞ்சிதபாதம் தன் தாளை இரண்டு கையாலும் தொடையில் அழுத்திப் பிடித்துக்கொண்டார். வரட்டும். ஒரு வார்த்தை கூடுதலாகச் சொல்லட்டும், எழுந்து நின்று பாயிண்ட் பாயிண்ட்டாகப் படித்துவிடுவார். அவள் குரல் நடுங்கவில்லை. அதுவும் அவருக்குப் பிடிக்கவில்லை.

"தஞ்சாவூரில் எங்கள் தெருவில் பால் பூத் திறப்பதற்கு முன்பே வரிசை வந்துவிடும். ஆள் நிற்க வேண்டாம், கூடையை வைத்தால் போதும். என்னுடையது பச்சை ஒயர்க்கூடை. அதை வரிசையில் வைத்துவிட்டு நானும் பின்வீட்டுச் சகாயமேரியும் சர்ச்சுக்குப் பின்னால் இருக்கிற தெருவுக்குப் போய்விடுவோம். அவள் வீட்டுக்காரர் ராத்திரி வேலை முடித்து வந்து தூங்குவார், சைக்கிள் வாசலில் நிற்கும். கம்பி வைத்த பெரிய சைக்கிள், புடவையோடு ஏற முடியாது. சகாயமேரி அவர் பேண்டைக் கொண்டுவந்து கொடுத்தாள். புடவையைச் சுருட்டி இடுப்பில் சொருகிக்கொண்டு அதைப் போட்டுக்கொண்டேன். நாங்கள் சிரித்த சிரிப்பில் தெருநாய்கள் எழுந்துவிட்டன. முழங்காலில் இரண்டு தடவை நல்ல அடி. குழாயடியில் விழுந்தேன் என்று வீட்டில் சொன்னேன்."

யாரோ சிரித்தார்கள். இருதயராஜ். குஞ்சிதபாதம் சிரிக்கவில்லை. பேண்ட். எவனோ ஒருவனுடைய பேண்ட். முழங்கால், இலை, மாமியார் பார்த்த பார்வை, அந்தப் பார்வையைச் சுமந்துகொண்டு அவர் இத்தனை வருஷம் நடந்திருக்கிறார். இவள் அங்கே தெருநாயை எழுப்பிக்கொண்டிருந்திருக்கிறாள். அவளுக்குச் சைக்கிள் ஓட்டத் தெரியுமா? பையனுக்குச் சைக்கிள் பழக்கிவிட்டபோது இவள் வாசலில் ஒன்றும் தெரியாதவள் மாதிரி நின்று பார்த்தாளே.

"ஒருநாள் நான் பேசிக்கொண்டே மிதித்தேன். பின்னால் பிடித்துக்கொண்டு வந்த சகாயமேரி பதில் சொல்லவில்லை. திரும்பிப் பார்த்தால் தெருமுனையில் சின்னதாக நிற்கிறாள். எப்போதோ கையை விட்டிருக்கிறாள். எனக்கு நிறுத்தத் தெரியவில்லை, அதனால் பெரிய கோயில் அகழிக்கரை வரைக்கும் போய்விட்டேன். விடிந்துகொண்டிருந்தது. திரும்பி வந்து கூடையை எடுத்து, பாலை வாங்கி வீட்டுக்கு வந்தேன். எல்லோரும் தூங்கிக்கொண்டிருந்தார்கள். காபி போட்டேன். சர்க்கரை போட மறந்துவிட்டேன் போல, வீட்டில் ஏதோ சத்தம் வந்தது. எனக்கு அது காதில் விழவில்லை. நான் இன்னும் அகழிக்கரையில் போய்க்கொண்டிருந்தேன்."

அவ்வளவுதான். தாளைத் தாழ்த்தினாள். எல்லோரும் கைதட்டினார்கள், போன வாரத்தைவிடப் பலமாக. குஞ்சிதபாதம் இலைக்காகக் காத்திருந்தார். இலை வரவில்லை. இரண்டு பக்கம் எழுதியிருக்கிறாள், அதில் அவர் எங்கே? துழாவினார். எல்லோரும் என்பதில் ஒருவராக இருக்கிறார். பிறகு சத்தம். ஏதோ சத்தம். அந்தக் காலை, அந்த டம்ளர், அவர் தொண்டை கிழியக் கத்தியது, அது ஏதோ சத்தமாம். திட்டியிருந்தால் பதில் சொல்லியிருப்பார். குற்றம் சொல்லியிருந்தால் தாளை எடுத்து விரித்திருப்பார். ஒருத்தியோடு ஒரு கூரைக்குக் கீழே காலமெல்லாம் இருந்துவிட்டு, அவள் கதையில் தெருநாய்க்குக் கிடைத்த இடம்கூடத் தனக்குக் கிடைக்கவில்லை என்று நினைத்தபோது அவருக்கு அழுகை மாதிரி ஒன்று வந்தது. அதை அவர் கோபம் என்றே எடுத்துக்கொண்டார். அவருக்குப் பழகினது அதுதான்.

"சார், நீங்க?" என்றாள் யாழினி. எல்லோருடைய முகமும் இந்தப் பக்கம் திரும்பியது. தொடையில் இருந்த தாள் திடீரென்று கனத்தது. மேற்படி இலையானது. யார் கேட்டார்கள்? ஒரு தடையும் இல்லாத இடத்தில் நாலு பத்தியில் பதில். இதைப் படித்தால், சார் எந்த இலை, என்ன இலை என்று ஆளாளுக்குக் கேட்பார்கள். இதுவரை யாருக்கும் தெரியாததைத் தானே வாயால் சொல்லி வாட்ஸப்பில் ஏற்ற வேண்டும். கண்ணாடியைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டார். கண்ணாடி கொண்டுவரவில்லை என்றார். இத்தனை நேரம் மூக்கின் மேல் இருந்ததைக் கூடமே பார்த்திருக்கிறது.

"குடுங்க, நான் படிக்கிறேன்" என்று தையல்நாயகி கையை நீட்டினாள். அவர் கொடுக்கவில்லை, அவள் எடுத்துக்கொண்டாள். வாய்விட்டுப் படிக்கவில்லை. நின்றவாறே முதல் வரியிலிருந்து விரல் வைத்துத் தனக்குள் படித்தாள். விரல் ஒவ்வொரு வரியாக இறங்குவதை அவர் பார்த்தார். மூன்றைத் தாண்டியது. நாலில் நின்றது. கை நடுங்குகிறவன் என்பதையும், என்ற இடத்தில் கொஞ்ச நேரம் நின்றது. ஓலை விசிறி நின்றுவிட்ட அந்தச் சத்திரம்போல இருந்தது கூடம். இப்போது அவள் ஏதாவது சொல்ல வேண்டும். மன்னித்தேன் என்று சொன்னால்கூடப் போதும், அதைக்கூட அவர் ஏற்றுக்கொள்வார். அவள் குனிந்து, அவருக்கு மட்டும் கேட்கிற மாதிரி, கோபமே இல்லாத குரலில் கேட்டாள்.

"இது ஒண்ணுதானா?"

பிறகு நிமிர்ந்து யாழினியைப் பார்த்து, "அவர் இன்னும் எழுதி முடிக்கலம்மா, மத்தவங்க படிக்கட்டும்" என்றாள். தன் அட்டையிலிருந்து ஒரு வெள்ளைத் தாளை உருவி, அவருடைய தாளின் மேல் வைத்து, இரண்டையும் அவர் மடியில் வைத்தாள். உட்கார்ந்தாள். இருதயராஜ் படிக்க ஆரம்பித்தார், இந்த வாரம் அவருடைய அம்மாவின் சுருக்குப் பை. தையல்நாயகி நாற்காலியை இருதயராஜ் பக்கம் திருப்பிக் கேட்டுக்கொண்டிருந்தாள். வெள்ளைத் தாளைப் பார்க்கப் பார்க்க குஞ்சிதபாதத்துக்கு நா வறண்டது. ரேடியோ, தங்கை கல்யாணம், காலில் பட்ட டம்ளர், இன்னும் அவருக்கு ஞாபகமே இல்லாதது எவ்வளவோ. பாட்டில் அவள் காலடியில் இருந்தது. தண்ணீர் வேண்டும் என்று அவர் நினைத்ததுதான், அவருடைய விரல் தானாக நாற்காலிக் கையில் இரண்டு தட்டு தட்டியது. சத்தம் நன்றாகவே கேட்டது. அவள் திரும்பவில்லை.